சின்னத்தின் மகிமை

ஐரோப்பாவில் தொழிலுக்கென நடுத்தர டீசல் சரக்கு வேன் வாங்க உத்தேசிக்கும் குழாய்த் தொழிலாளி ஒருவர், பியூஜோ எக்ஸ்பர்ட்டின் கம்பீரத்தையும் சிட்ரோயன் ஜம்பியின் லாகவத்தையும் டொயோட்டா புரோஏஸின் நாணயத்தையும் ஃபியட் ஸ்குடோவின் சிக்கனத்தையும் இராப்பகலாக ஆராய்ந்து, மனைவியின் அபிப்பிராயத்தையும் (பாவம், அந்த அம்மாள்!) கேட்டு, ஒன்றைத் தேர்ந்து பரமதிருப்தி எய்துகிறார். நான்கும் வட பிரான்சின் ஓர்டேன் ஆலையில் பிறந்து, முகப்பும் சின்னமும் மட்டும் மாறி வெளிவரும் சகோதரங்கள் என்று அவரிடம் சொல்வது ஜீவகாருண்யமன்று. பரம வைரிகளாகக் கருதப்படும் ஃபோக்ஸ்வாகனும் ஃபோர்டும்கூட, புதிய டிரான்ஸ்போர்ட்டரையும் டிரான்சிட் கஸ்டமையும் துருக்கியிலுள்ள ஃபோர்டின் கூட்டு ஆலையிலேயே உருவாக்குகின்றன. ஆகவே, வாங்குவோரே, சின்னத்தை விடுத்து உத்தரவாதக் காலத்தையும் அருகிலுள்ள பணிமனையையும் விசாரியுங்கள். ஊருக்குள்ளேயே ஊர்ந்தால் டீசல் புகை வடிகட்டி அடைபடும் என்பதையும் மறவாதீர்கள்.