காட்டுப் பேய் விளையாட்டும் அச்சம் நான்கும்

தொல்காப்பியனார் மெய்ப்பாட்டியலில் அச்சத்துக்கு நிலைக்களன்களாக அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்கை வகுத்துச் சென்றிருக்க, ஐந்தாவதாகக் கணினித் திரை என்பதனையும் சேர்த்துக்கொள்ளலாமோ என்னும் ஐயம், நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களிலும், பால்மரங்களை வெட்டிச் சாய்த்த நிலத்தில் வரிசை வீடுகள் எழுந்துள்ள நீலாய், லாபு வட்டாரத்துத் தாமான்களிலும் இரவு பதினொரு மணிக்குமேல் கிளம்பிப் பலருடைய நித்திரையைக் கெடுத்து வருவதால், அதனைச் சாஸ்திர முறைப்படி விசாரித்துத் தீர்ப்பது அவசியமாகிறது.

விசாரத்துக்குரிய விஷயமாவது, நள்ளிரவில் ஒரு காட்டுக்குள் தன்னந்தனியனாக நடந்து திரிவதையே முழுத் தொழிலாகக் கொண்ட ஒருவகை வீடியோ விளையாட்டு. இவ்வகையில் மார்க் ஹாட்லி என்பவர் 2012ஆம் ஆண்டு இலவசமாகவே உலகுக்கு வழங்கிய ‘ஸ்லெண்டர்’ என்பது, கைவிளக்கு ஒன்றோடு இருட்டில் அலைந்து எட்டுத் தாள்களைப் பொறுக்கவேண்டும், முகமில்லாத நெடிய உருவம் ஒன்று அதற்குள் பிடித்துவிடும் என்பதற்கு மேல் கதையேதும் இல்லாதது. போலந்து நாட்டு ப்ளூபர் டீம் நிறுவனத்தார் 2019இல் வெளியிட்ட ‘பிளேர் விட்ச்’சோ இலக்கணச் சுத்தமானது. 1999இல் வந்த திரைப்படத்தின் வழித்தோன்றலாகிய அதில், எல்லிஸ் என்னும் முன்னாள் போலீஸ்காரன், காணாமற்போன ஒரு சிறுவனைத் தேடி, புல்லட் என்னும் நாயுடன் மேரிலாந்துக் காட்டுக்குள் 1996இல் புகுகிறான். நடந்த வழியிலேயே காடு அவனைத் திரும்பக் கொண்டுவந்து விடுகிறது. பகை எந்தத் திசையில் நிற்கிறதென்பதை நாய் உறுமிக் காட்ட, அவன் அந்தத் திசையில் வெளிச்சத்தைப் பாய்ச்சித் தப்புகிறான். நாயை விட்டு விலகினால் அவன் சித்தம் கலங்குகிறது.

இவற்றை ஆராய அதிகாரி யார் என்பது அடுத்த வினா. காதை மூடும் ஹெட்போனும் மடியில் மிக்சர் பொட்டலமுமாக உட்கார்ந்திருக்கும் இளைஞனே அதிகாரி என்பது பூர்வபட்சம். அவன் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் வெற்றிலை மடித்துக்கொண்டிருக்கும், முப்பது நாற்பது ஆண்டு பால் வெட்டி ஓய்ந்த அவனுடைய பாட்டியே அதிகாரி என்பது நமது சித்தாந்தம். இதற்குப் பிரத்யட்சப் பிரமாணம் லாபு வட்டாரத்து வீடொன்றில் செவியாரக் கேட்ட சம்வாதம்.

“ஏன்யா, வெளக்கக் கையில புடிச்சிக்கிட்டு ஒருத்தன் எப்படி வேல செய்வான்? நெத்தியில கட்டச் சொல்லு.”

“அவன் வேல செய்ய வரல பாட்டி.”

“அப்ப இந்நேரத்துக்கு அவனுக்குக் காட்டுல என்ன சோலி?”

இவ்வினாவுக்கு விடையளிக்க வல்லார் ப்ளூபர் டீமிலும் இருப்பதாகத் தெரியவில்லை. நெற்றியில் விளக்குக் கட்டி, இருட்டில் 400, 500 மரத்துக்கு உளி போட்டு, பிறகு மங்கு மங்காகப் பாலை வாளியில் சேர்த்துக் காண்டாக் கம்பில் சுமந்து ஸ்டோருக்குக் கொண்டுபோன ஒருத்திக்கு, எட்டே எட்டுத் தாள் பொறுக்குவதற்கு ஒரு ஆண்பிள்ளை மூச்சிரைப்பது பரிதாபமாக மட்டுமே தோன்றும் என்பதை அனுமானப் பிரமாணத்தால் கொள்க.

இனி அணங்கு. போலந்துக்காரர் புதிதாகக் கண்டுபிடித்ததாக எண்ணியிருக்கக்கூடிய உத்தியை இளங்கோவடிகள் காடுகாண் காதையிலேயே கையாண்டு முடித்துவிட்டார். மதுரைக்குப் போகும் வழியில் நீர் தேடிப் பொய்கைக் கரைக்கு வந்த கோவலன் முன், கானுறை தெய்வமொன்று மாதவியின் தோழி வசந்தமாலையின் வடிவெடுத்து வந்து காலில் விழுந்து அழுகிறது. கோரைப்பல், விரித்த கூந்தல், இரத்தம் முதலிய செலவுகள் ஏதுமில்லை. அவன் எவளைப் பிரிந்து வந்தானோ அவளுடைய துயரத்தைச் சொல்லியே அவனைக் கலக்கப் பார்க்கிறது. அவன் ஐயுற்றுப் பாய்கலைப் பாவையின் மந்திரத்தைச் சொல்ல, மயக்கியது தானேயென்று ஒப்புக்கொண்டு, இந்தச் சங்கதியைக் கண்ணகிக்கும் கவுந்தியடிகளுக்கும் தெரிவிக்கவேண்டாமென்றும் கேட்டுக்கொண்டு மறைகிறது. எல்லிஸ் என்பானைப் பீடிப்பதும் தன் பழைய செயலொன்றின் குற்றவுணர்ச்சியே. மனத்திலுள்ள குறையைத் தோண்டி எடுத்து மரத்தடியில் நிறுத்துவதே வனதேவதைகளின் தொழில் ரகசியம் என்றால், மேரிலாந்துக்கும் மதுரைச் சாலைக்கும் பேதமில்லை. மந்திரம் தெரிந்த கோவலனுக்கு நாய் தேவைப்படவில்லை என்பதொன்றே வேறுபாடு.

தோட்டத்து அணங்குகள் எங்கிருந்து வந்தன என்பதில் வாதத்துக்கு இடமுண்டு. 1876இல் விக்காம் என்பவர் பிரேசிலிலிருந்து லண்டனுக்குக் கொண்டுசென்ற ரப்பர் விதைகளின் வழிவந்த 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றோடு பேய் எதுவும் கப்பலேறியதாக வரலாறு கூறவில்லை. ஆகவே மோகினியும் காட்டேரியும் முனியும் நாகப்பட்டினத்துக் கப்பல்களில், தனிமைப்படுத்தும் முகாமின் சோதனைக்கு அகப்படாமல், கூலிகளோடு கூலிகளாக வந்திறங்கி, இங்கே ஏற்கெனவே குடியிருந்த மலாய்ப் பேயாகிய பொந்தியானாக்கோடு மரம் பிரித்துக்கொண்டன என்றே கொள்ளவேண்டும்.

அவற்றுக்கு வாய்ப்பளித்தது தாவர சாஸ்திரம். பொழுது விடியுமுன் பால்குழாய்களில் நீரழுத்தம் மிகுந்திருக்கும். வெயில் ஏறி இலைவழியே நீர் ஆவியாகப் போனால் அழுத்தம் தணிந்து பால் சுருங்கிவிடும். எனவே மனிதர் இருட்டில் மரத்தடியில் நிற்கவேண்டியதாயிற்று. அது போதாதென்று, 1982 ஜனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் அரைமணி முன்னே தள்ளப்பட்டு, சூரியோதயம் ஏறக்குறைய ஏழு மணியாயிற்று. விடியுமுன் பேர் கூப்பிடும் பெரட்டு நேரத்தை மாற்றாத தோட்டங்களில் இதனால் பேய்களுக்கு நாளொன்றுக்கு அரைமணி நேரம் அரசாங்கச் செலவில் கூடுதலாகக் கிடைத்தது. இதைப்பற்றி எந்தத் தொழிற்சங்கமும் முறையிட்டதாகக் கேள்வியில்லை. ஒலியமைப்பிலும் தோட்டம் பின்தங்கியதன்று. முற்றிய ரப்பர் காய் தானே வெடித்துக் கொட்டையைத் தூர எறியும் சத்தம், ஹெட்போனில் வரும் எந்தக் கிளை முறிவுக்கும் இளைத்ததில்லை. பால்மரம் போய்ச் செம்பனை வந்தபின், எலி பிடிக்கவென்று கம்பெனிகளே கம்பத்தின்மேல் மரப்பெட்டி வைத்துக் கூகை வளர்க்கின்றன. நம்மவர் சாக்குருவி என்று அஞ்சி விரட்டிய பறவைக்கு நிர்வாகமே குவார்ட்டர்ஸ் கட்டிக் கொடுத்ததை எந்தப் பேய்க்கதை ஆசிரியரும் கற்பனை செய்திருக்க முடியாது.

விலங்கைப்பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. செம்பனை மட்டைக்கடியில் எலியைத் தேடி வரும் நாகம் விளையாட்டுக்கு வருவதில்லை. கள்வர் என்னும் மூன்றாவது இனத்தில், 1948 முதல் 1960 வரையிலான அவசரகாலத்தை வைக்கலாம். யார் கள்வர் என்னும் அரசியல் தர்க்கத்துக்குள் புகாமல், காட்டிலிருந்து இறங்கி அரிசி கேட்டவர்களுக்கும், அரிசி கொண்டுபோகிறாயா என்று வாயிலில் மடியைச் சோதித்தவர்களுக்கும் நடுவே பால் வெட்டப்போன சனங்கள் இரு பக்கமும் அஞ்சினார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்வோம். அந்நாளில் காட்டின் ஓரத்து நிரையில் நின்றவளுக்கு எந்தத் திசையில் விளக்கைத் திருப்புவதென்று உறுமிக் காட்ட நாய் எதுவும் கிடையாது.

நான்காவதாகிய தம் இறையே தோட்டத்தின் மூல பயம். துரை, அவருக்குக் கீழே கிராணி, அவருக்கும் கீழே கங்காணி என்று மூன்று அடுக்காக அமைந்த இந்த அச்சத்தின் நுட்பத்தை மரப்பட்டையில்தான் காணவேண்டும். பட்டையைச் சீவும் உளி இம்மி ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம். மெல்லிய வளர்படை அறுபட்டு அவ்விடம் முடிச்சு முடிச்சாகப் புடைத்து, மறுபடி வெட்டுக்கு உதவாது. அந்தக் காயம் இருட்டில் வெட்டியவளுக்குத் தெரியாது. பொழுது விடிந்து, கங்காணி மரம் மரமாகப் பார்த்துக்கொண்டு வரும்போதே தெரியும். பாட்டியிடம், காட்டில் எதற்கு மிகவும் பயந்தீர்கள் என்று கேட்டபோது மோகினி, பாம்பு, புலி யாவற்றையும் தள்ளிவிட்டு, “காயம் பட்டிருச்சோன்னுதான் பயம், பேர் வெட்டிட்டா அன்னிக்குச் சம்பளம் போச்சே” என்றார். அவர் முகம் கோணவுமில்லை, குரல் தாழவுமில்லை. பேரனோ அந்நேரத்தில் திரையில் வந்த ஒரு நிழலுக்கு நாற்காலியோடு பின்வாங்கினான்.

ஆதலின் கணினித் திரை ஐந்தாவது நிலைக்களன் ஆகாது. அது அணங்கின் உட்பிரிவே. விளையாட்டுச் செய்வோருக்கு ஒரு விண்ணப்பம்: அடுத்த பதிப்பில் விளக்கை நெற்றியில் ஏற்றுங்கள், விடியுமுன் பெரட்டில் நின்று பேர் கூப்பிட ஒருவரையும், வெட்டிய மரத்தை விடிந்தபின் பார்த்துவர ஒரு கங்காணியையும் சேருங்கள். அதுவரை தொல்காப்பிய அளவையில் உங்களுக்கு நான்குக்கு ஒன்றே மதிப்பெண். நாய்க்காக வேண்டுமானால் கால் கூட்டிக்கொள்ளலாம்.