இடைச்செருகல் ஆராய்ச்சி

ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பிக்கும் பண்டிதர்கள், 'இடைச்செருகல்' என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் முகம் சுளிப்பார்கள். மூலத்தில் இல்லாததைப் பிற்காலத்தவர் எவரோ நடுவே நுழைத்துவிட்டார் என்பது அவர்களுடைய ஆதங்கம். ஆனால் இடைச்செருகலே மூலமாகவும், மேலும் கீழும் இருப்பவை வெறும் அட்டையாகவும் அமைந்த கிரந்தம் ஒன்று உண்டென்பதையும், கோடை விடுமுறையில் அது நம் வீட்டுச் சமையலறைகளிலேயே இயற்றப்படுகிறது என்பதையும் அவர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை. ஐஸ்கிரீம் சாண்ட்விச் என்று வழங்கும் அந்தப் பதார்த்தமே இவ்வாராய்ச்சியின் விஷயம்.

முதலில் பெயர். ஜான் மாண்டேகு (1718–1792) என்ற நான்காம் சாண்ட்விச் பிரபு, சீட்டாட்ட மேஜையை விட்டு எழ மனமின்றி, ரொட்டித் துண்டுகளின் நடுவே இறைச்சியை வைத்துக் கொண்டுவரச் சொன்னார் என்பது கர்ணபரம்பரை. ஐஸ்கிரீமுக்குத் தமிழில் 'பனிக்கூழ்' என்று பெயரிட்டார்கள். கூழ் என்பது ஆடி மாதத்தில் அம்மன் கோயிலில் சொம்பு நீட்டி வாங்குவது, அதை எப்படி பிஸ்கட்டின் நடுவே நிறுத்துவாய் என்று என் தமக்கையார் எழுப்பிய ஆட்சேபத்துக்கு இன்றுவரை என்னிடம் சமாதானம் இல்லை.

சரித்திரத்தை விரித்தால் பொழுது போதாது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் நியூயார்க் வீதிகளில் தள்ளுவண்டிக்காரர்கள் இதை ஒரு சென்ட்டுக்கு விற்றார்கள். சிங்கப்பூரில் ஆர்ச்சர்ட் சாலை வண்டிக்காரர் இன்றைக்கும் ஐஸ்கிரீம் பாளத்தை ரொட்டியில் மடித்துத் தருகிறார். நம் சென்னைக்கோ, 1842-இல் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் எழுந்த காலத்தில், பனிக்கட்டியே அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்திலிருந்து மரத்தூளில் பொதிந்து கப்பலேறி வந்தது. அன்று மரத்தூள் செய்த உபகாரத்தை இன்று பிஸ்கட் செய்கிறது என்பது என் துணிபு. குளிர் விரலுக்கு வராமலும், விரலின் சூடு குளிருக்குப் போகாமலும் காப்பதே இரண்டின் தொழிலும்.

இனி எந்த பிஸ்கட் என்ற விவாதம். குளுக்கோஸ் பிஸ்கட்டே தக்கது என்பது பூர்வபக்ஷம். மேரியே தக்கது என்பது சித்தாந்தம். குளுக்கோஸில் தித்திப்பு மிகுதி, உள்ளிருக்கும் தித்திப்போடு சேர்ந்தால் திகட்டும். மேரியோ அடக்கமான சுவையினள். ருஷ்ய இளவரசி மரியா, விக்டோரியா மகாராணியின் இரண்டாம் புதல்வரை மணந்ததன் ஞாபகார்த்தமாக 1874-இல் லண்டன் கம்பெனி ஒன்று வார்த்த பிஸ்கட் அது. அதன் முகத்தில் உள்ள சிறு துளைகளை அலங்காரமென்று கருதுவோர் உளர். வேகும்போது ஆவி வெளியேறி, பூரி போல் உப்பாமல் இருப்பதற்காக இட்டவை அவை.

செய்முறையில் சூட்சுமம் ஒன்றே. இரண்டு கோப்பை க்ரீமை, கரண்டியைத் தூக்கினால் கொம்பு நிற்கும் வரையில் அடித்து, ஒரு டின் கண்டென்ஸ்டு மில்க்கை மெதுவாகக் கலக்க வேண்டும். அடிப்பதால் உள்ளே புகும் காற்றில்தான் அதன் மிருதுத்தன்மை இருக்கிறது. காற்றில்லாவிட்டால் உறைந்து பாறையாகிவிடும். பட்டர் பேப்பர் விரித்த தட்டில் அரை அங்குல கனத்துக்குப் பரப்பி, இரவு முழுவதும் ஃப்ரீஸரில் வைத்து, காலையில் டம்ளரின் வாயால் வட்டம் வட்டமாக வெட்டுவது முறை. எங்கள் வீட்டில் காபி டம்ளர் சிறுத்தும் மோர் டம்ளர் பெருத்தும் போகவே, என் பாட்டியின் சீர்வரிசையில் வந்த, அவர் பெயர் வெட்டிய எவர்சில்வர் டம்ளர் ஒன்றுதான் மேரிக்குச் சரியாகப் பொருந்தியது. வெந்நீரில் முக்கி, துடைத்து, அழுத்தி, ஒரு திருப்புத் திருப்பினால் வில்லை கழன்று வரும்.

இரண்டு பிஸ்கட்டுக்கு நடுவே வைத்த உடனே தின்னலாகாது. அப்போது கடித்தால் பிஸ்கட் உடையும், ஐஸ்கிரீம் பின்பக்கமாகப் பிதுங்கிச் சட்டையில் விழும். மறுபடி ஓர் இரவு உறையவிட்டால் பிஸ்கட் ஈரத்தை வாங்கித் தளர்ந்து, பல்லுக்கு எதிர்ப்பின்றி வழிவிடும். இரண்டு இரவு குழந்தைகளைக் காக்கவைப்பது எப்படி என்பதற்கு சாஸ்திரத்தில் விதி ஏதும் காணோம்.

இவ்வாராய்ச்சியை வாசித்துக் காட்டியபோது, ஒன்பதாம் வகுப்பில் க்ஷேத்திர கணிதம் படிக்கும் என் மகள் ஓர் ஆட்சேபம் கிளப்பினாள். "குளுக்கோஸ் பிஸ்கட் நீள்சதுரம்தானே அப்பா? கத்தியாலேயே வெட்டலாம், துளிகூட மிஞ்சாது. வட்டமாக வெட்டினால் எவ்வளவு வீண், பாருங்கள்" என்று காகிதத்தில் கணக்கிட்டாள். வட்டங்களை ஒன்றையொன்று தொடும்படி வரிசையாக வெட்டினாலும் நூற்றுக்கு 21 பங்குக்கு மேல் இடுக்குகளில் தங்கிவிடுகிறது. கணக்கில் பிழையில்லை, வீண் என்ற பிரயோகத்தைத்தான் நான் அங்கீகரிக்கவில்லை. எங்கள் வீட்டில் வெட்டுகிறவன் நான். தட்டை வழிக்கும் கரண்டியும் என் கையில்தான் இருக்கிறது.