அப்பன் சொத்தும் ஆயிரம் ரூபாயும்

கேள்வி: உழைக்காமல் வருகிற மகளிர் உரிமைத் தொகை ஆளைச் சோம்பேறியாக்காதா?
- வாசகர், வடக்கனந்தல்

பதில்: கோமுகி அணைப் பாசனத்தில் அப்பன் விட்டுப்போன பத்து ஏக்கர் நஞ்சை, மகனைச் சோம்பேறியாக்கிவிடுமே என்று உங்கள் ஊர் டீக்கடையில் யாராவது கவலைப்பட்டதுண்டா? மாதம் ஆயிரத்துக்குத்தான் எத்தனை குடைச்சல்! 2023-ல் திட்டம் வந்தபோதே குடும்ப வருமானம் இரண்டரை லட்சத்துக்குள்ளா, நஞ்சை ஐந்து ஏக்கருக்குள்ளா, கரன்ட் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள்ளா என்று கேட்டுத்தான் பணம் போட்டார்கள். வாரிசிடம் கேட்பது, 'இன்னாருக்குப் பிறந்தவர்' என்ற சான்று. பெரிய சொத்துகளுக்கு 1953-ல் போட்ட எஸ்டேட் வரியையும் 1985-ல் எடுத்தாயிற்று. ஆயிரம் வாங்குகிறவள் காலையில் களையெடுக்கப் போயிருப்பாள். அந்த நஞ்சைக்கே போயிருந்தாலும் ஆச்சரியமில்லை. சோம்பேறியைத் தேடுகிறீர்களென்றால், வரப்பில் குடை பிடித்து நிற்பவரை முதலில் விசாரியுங்கள்.