மாப்பிள்ளை வீட்டோடு வந்த கதை

பல்கலைக்கழகங்கள் பள்ளிக்கூடத்துக்கு வழக்கமாக ஒரு கேள்விப் பட்டியலோடு வரும். அறிக்கையோடு திரும்பிப் போகும். பாஸ்டன் பல்கலைக்கழகம் அப்படியல்ல. 1989-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் செல்சி என்ற சின்ன நகரத்தின் அரசுப் பள்ளிகள் அத்தனையையும் நிர்வகிக்கும் பொறுப்பையே கையில் எடுத்துக்கொண்டது. விருந்துக்கு வந்த மாப்பிள்ளை அடுக்களைச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்ட மாதிரி.

முதலில் பாஸ்டன் நகரப் பள்ளிகளைத்தான் பல்கலைக்கழகத் தலைவர் ஜான் சில்பர் கேட்டுப் பார்த்தார். அவர்கள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்கள். செல்சிக்கு வேறு வழியில்லை, அழைத்தது. ஆசிரியர் சங்கம் வழக்குப் போட்டது. தங்களைக் கேட்கவே இல்லையே என்று ஸ்பானிய மொழி பேசும் பெற்றோர் குறைப்பட்டார்கள். சில்பர் தத்துவப் பேராசிரியர், தத்துவஞானி காண்ட்டில் கரை கண்டவர். கடமையைப் பற்றிக் காண்ட் நிறையவே சொல்லியிருக்கிறார்; ஊராரைக் கலந்துகொள்வதைப் பற்றி எந்தப் பக்கத்தில் சொன்னாரோ!

அடுத்த ஆண்டே சில்பர் மாநில ஆளுநர் தேர்தலில் நின்று தோற்றார். அதற்கடுத்த ஆண்டு செல்சி நகராட்சியே திவால் நிலைக்குப் போய், மாநில அரசு ஆள் அனுப்பி நிர்வாகத்தை எடுத்துக்கொண்டது. கற்பித்தலைச் செம்மைப்படுத்த வந்தவர்களுக்குக் கிடைத்த முதல் பாடம், பட்ஜெட் கணக்கு.

ஆனாலும் ஓடிவிடவில்லை. பெற்றோருக்கு எழுத்தறிவு வகுப்பு நடத்தினார்கள். பிள்ளைகளின் பல்லைக்கூடப் பார்த்தார்கள். 10 ஆண்டு ஒப்பந்தம் நீண்டு நீண்டு 2008-ல்தான் முடிந்தது. அந்த 1989-ல் பிறந்த குழந்தை அதற்குள் பள்ளிப் படிப்பையே முடித்திருக்கும்.