மூன்றடுக்கு டிபன் கேரியரும் ஒரு குடும்ப இடமாற்றமும்

வீடு காலி செய்யும் குடும்பத்துக்கு உதவ வருபவர்களில் பாதிப் பேர் கூப்பிடாமலே வருவார்கள். கூப்பிட்டவர்களில் பாதிப் பேருக்கு அன்றைக்கென்று பார்த்து ஒரு கல்யாணம் இருக்கும். அடுத்த தெருவுக்குப் போனாலும் இந்தக் கணக்கு மாறாது. அடுத்த தெரு என்றால், பட்ட நன்றிக்கடனைச் சாவகாசமாகத் தீர்த்துக்கொள்ளலாம். நாட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போகிறவர்களுக்குத்தான் சிக்கல். சென்னை நங்கநல்லூரிலிருந்து டெல்லி மயூர் விகாருக்கு மாற்றலாகிப் போன மத்திய அரசு ஊழியர் ஒருவரின் குடும்பம் இதற்கு நல்ல உதாரணம். இதை எழுதுபவர்தான் அந்த ஊழியர் என்பது கட்டுரையின் நடுநிலையைப் பாதிக்காது.

மாற்றல் உத்தரவு பஞ்சாங்கம் பார்த்து வருவதில்லை. இது ஆடி மாதக் கடைசியில் வந்தது. ஆடியில் வீடு மாற்றக்கூடாது என்பது பாட்டியின் சட்டம்; பன்னிரண்டு நாளுக்குள் போய்ப் பொறுப்பேற்க வேண்டும் என்பது அலுவலகத்தின் சட்டம். இரண்டிலும் மேல்முறையீடு கிடையாது. மாடிவீட்டுப் பெரியவர்தான் வழி கண்டுபிடித்தார். "சாமான் ஆடியில கிளம்பட்டும் பாட்டி. லாரி போய்ச் சேர அஞ்சாறு நாள் ஆகும். நாக்பூர் தாண்டறதுக்குள்ள ஆவணி பொறந்துடும். பாலை ஆவணியில காய்ச்சிக்குங்க." உதவிகளின் வரிசையில் முதலில் வந்ததும், எடையே இல்லாததும் இதுதான்.

எடை பற்றி அரசு தாராளமாக யோசித்திருக்கிறது. ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பிந்தைய விதிப்படி, லெவல் 6 முதல் மேலே உள்ளவர்கள் மாற்றலின்போது 6,000 கிலோ வரை வீட்டுச் சாமானை அரசுச் செலவில் கொண்டுபோகலாம். ஒரு யானையைக் கட்டி ஏற்றினாலும் விதியில் இடம் மிச்சமிருக்கும். ஆனால் நங்கநல்லூர்த் தெருவுக்குள் லாரி வராது. அதனால் மெயின் ரோட்டில் நின்ற லாரிவரை குட்டியானை என்று ஊரார் அழைக்கும் டாடா ஏஸ் ஏழு நடை போய்வந்தது. பூட்டிய கேட்டைத் திறப்பவர், ரிவர்ஸ் எடுக்கும்போது "வா, வா, வரட்டும்" என்பவர், நடுத்தெருவில் நின்ற ஸ்கூட்டரை நகர்த்துபவர் ஆகியோரைப் பற்றி விதியில் ஒரு வரியும் இல்லை.

காஸ் இணைப்பை ஒப்படைக்கும் வேலையைப் பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவன் ஏற்றுக்கொண்டான். சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் திருப்பிக் கொடுத்தால் டெபாசிட் வரும்; கூடவே டெர்மினேஷன் வவுச்சர் என்ற தாள் வரும். புது ஊரில் இணைப்பு வாங்க அது வேண்டும். ஏஜென்சியில் அதற்குச் சுருக்கப்பெயர் டி.வி. "உங்க டி.வி. வாங்கியாச்சு அத்தை" என்று அவன் போனில் சொன்னதும், இருக்கிற டி.வி.யையே எந்தப் பெட்டியில் அடைப்பது என்று தவித்துக்கொண்டிருந்த வீட்டு அம்மா சற்று நேரம் பேசவில்லை.

பேக்கிங் கம்பெனி ஒன்று காலை ஏழு மணிக்கு நான்கு ஆட்களை அனுப்புவதாகச் சொல்லியிருந்தது. பதினொரு மணிக்கு இரண்டு பேர் வந்தார்கள். கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம். எந்தப் பெயரை எழுதினாலும் பொருந்தும். மீதி இரண்டு பேரின் வேலையைத் தெரு பங்கு போட்டுக்கொண்டது. இஸ்திரிக்காரர் தன் வண்டியை வேப்பமரத்தடியில் விட்டுவிட்டு வந்து, பீரோவிலிருந்த துணி அத்தனையையும் இரண்டு மணி நேரத்தில் மடித்து அடுக்கினார். காசு நீட்டியதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "டெல்லியில போய் துணியெல்லாம் கசங்கி இறங்கினா யாருக்கு சார் அசிங்கம்?"

இந்த இடத்தில் தமிழ்க் குடும்பங்கள் நன்றி சொல்லும் முறையை விளக்கியாக வேண்டும். "நன்றி" என்ற சொல் மேடைப் பேச்சை முடிப்பதற்குப் பயன்படுகிறது. எதிரே நிற்பவரிடம் அதைச் சொன்னால், "என்னங்க, யாரோ மாதிரி பேசறீங்க" என்று கோபித்துக்கொள்வார். "இருங்க, காபி குடிச்சிட்டுப் போகலாம்" என்பதே வீட்டில் புழங்கும் நன்றி. உதவி பெரிதாக இருந்தால் காபி சாப்பாடாகும். சாமான் ஏற்றும் நாளிலோ டபரா டம்ளர்கள் காலை எட்டு மணிக்கே செய்தித்தாள் சுற்றிக்கொண்டு அட்டைப்பெட்டிக்குள் போய்விடுகின்றன. ஆண்டு முழுவதும் சேர்த்தாலும் வராத அளவுக்கு நன்றி தேவைப்படும் அந்த ஒரு நாளில், நன்றி தயாரிக்கும் இடம் மூடியிருக்கிறது. டீக்கடையில் வாங்கிக் கொடுத்த டீயை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

மதியம் இரண்டு மணிக்கு எதிர் வீட்டு அக்கா மூன்றடுக்கு டிபன் கேரியருடன் வந்தார். எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு வறுவல், தயிர் சாதம். குடும்பம் சாப்பிட்டது. பேக்கிங் ஆட்கள், இஸ்திரிக்காரர், குட்டியானை ஓட்டுநர், கல்லூரி மாணவன் எல்லோரும் அதிலேயே சாப்பிட்டார்கள். உதவியவர்களுக்குக் குடும்பம் போட்டிருக்க வேண்டிய சாப்பாட்டை எதிர் வீடு போட்டதால், அக்காவுக்குப் பட்ட கடன் மட்டும் இரட்டிப்பானது. கேரியரைக் கழுவித் திண்ணையில் கவிழ்த்து வைத்தார்கள். கண்ணில் படும் எதையும் சுற்றிக் கட்டுவது பேக்கிங் ஆட்களின் தொழில் தர்மம்.

அட்டைப்பெட்டிகளின் மேல் "கண்ணாடி, கவனம்", "சமையலறை", "சாமி படம்" என்று வீட்டு அம்மா முத்து முத்தாகத் தமிழில் எழுதியிருந்தார். டெல்லியில் பெட்டியை இறக்கப்போகிறவர்களுக்குத் தமிழ் தெரியாதே என்பது ஆறு வயது மகளுக்குத்தான் தோன்றியது. அவள் ஸ்கெட்ச் பேனாவால் ஒவ்வொரு பெட்டியிலும் படம் வரைந்தாள். சமையலறைக்கு ஆவி பறக்கும் பானை; கண்ணாடிக்கு அழுகிற டம்ளர்; சாமி படத்துக்குப் பிள்ளையார், பக்கத்தில் பெரிய எலி.

மயூர் விகாரில் மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. இறக்க வந்தவர்கள் பீகார்க்காரர்கள். அவர்களில் ஒருவர் தோளில் பாட்டியின் அம்மி ஏறியது. டெல்லியில் கல் கிடைக்காதா, இதைச் சென்னையிலிருந்தா சுமந்து வர வேண்டும் என்று முதல் மாடி வரை இந்தியில் கேட்டார். இரண்டாவது மாடித் திருப்பத்தில் சாக்கு கிழிந்து கல் தெரிந்தது. "அரே, சில்பட்டா!" என்று நின்றுவிட்டார். அவர் வீட்டிலும் அது உண்டாம். அம்மா இன்னும் அதில்தான் மசாலா அரைக்கிறாராம். அதற்கு மேல் புகார் இல்லை. மேலே வந்து, சமையலறை மூலையில் தரை ஆடாத இடம் பார்த்துத் தானே இறக்கி வைத்தார். பிறகு பிள்ளையார் பெட்டியை எடுக்கக் கீழே போனவர், செருப்பைக் கழற்றிவிட்டுத் தூக்கினார். தமிழில் எழுதியிருந்தது அவருக்குப் புரிந்திருக்காது, எலி புரிந்திருக்கிறது.

பால் காய்ச்ச அடுப்பு இல்லை. கீழ்வீட்டுப் பஞ்சாபி அம்மா தன் இண்டக்‌ஷன் அடுப்பையும் அதற்கேற்ற பாத்திரத்தையும் தானே மேலே கொண்டுவந்து, மதர் டெய்ரி பாலையும் ஊற்றிக் கொடுத்தார். குடும்பம் கைகூப்பிச் சுற்றி நின்றது. பால் நுரைத்து ஏறியது. யாரும் அசையாததைப் பார்த்த அந்த அம்மா பாய்ந்து வந்து அடுப்பை அணைத்தார். "ஐயோ, பொங்கணும்!" என்று பாட்டி அலறியதை மொழிபெயர்க்க ஆளில்லை. இரண்டாம் முறையும் அணைத்தார். மூன்றாம் முறை பாட்டி அவருடைய இரு கைகளையும் அன்போடு இறுகப் பற்றிக்கொள்ள, பால் பொங்கி வழிந்தது. பாவம், பயண அலுப்பில் பாலைக்கூட கவனிக்க முடியாத குடும்பம் என்று அவர் கட்டடம் முழுக்கச் சொல்லியிருக்கிறார். மறுநாள் காலை மூன்று வீடுகளிலிருந்து பராட்டா வந்தது. அந்த மூன்று பாத்திரங்களும் ஒரு வாரத்தில் இட்லியுடன் திரும்பிவிட்டன.

டிபன் கேரியர் நான்காம் நாள் ஒரு பெட்டியிலிருந்து வந்தது. வாங்கிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக்கூடாது என்பதால் கூரியரில் அனுப்பும் யோசனையைப் பாட்டி நிராகரித்துவிட்டார். மே விடுமுறைக்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டாயிற்று. ஆக்ரா பேட்டா இனிப்பு நிரம்பிய கேரியர் மடியில் வரும். நடு அடுக்கின் மூடி மட்டும் இன்னும் அகப்படவில்லை.