வெப்பா, நேட்டிவ்வா?

கேள்வி: தக்காளி விலை சொல்லும் ஆப் செய்கிறேன். ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் ஓட வேண்டும். வெப்பா, நேட்டிவ்வா?
– வாசகர், பாலக்கோடு

பதில்: ஆப் டவுன்லோடு ஆகி முடிவதற்குள் மண்டியில் ஏலமே முடிந்துவிடும்! வெப்பில் தொடங்குங்கள். வாட்ஸ்அப்பில் லிங்க் வரும், தட்டினால் விலை தெரியும். சர்வீஸ் ஒர்க்கர் சேர்த்தால், டவர் இல்லாத தோட்டத்திலும் கடைசியாகப் பார்த்த விலை இருக்கும். ஆப்பே போதும் என்று மொபைல் தளத்தை மூடிய ஃபிளிப்கார்ட்டே 2015-லேயே ‘ஃபிளிப்கார்ட் லைட்’ என்று வெப்புக்குத் திரும்பி வந்தது.

இலையைப் படம்பிடித்து, நெட் இல்லாமலே நோய் கண்டுபிடிக்கும் வசதியும் வேண்டுமா? அப்போது, ஒரே கோடில் ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டுக்கும் ஆப் செய்ய உதவும் ஃபிளட்டர். அது நேட்டிவ் கோடாகவே கம்பைல் ஆகும். வேகம் போதாமல்தான் 2012-ல் ஃபேஸ்புக் எச்டிஎம்எல்5-ஐ விட்டு நேட்டிவுக்குப் போனது.

எதைச் செய்தாலும், விவசாயி கையிலுள்ள 2 ஜிபி ராம் போனில் முதலில் ஓட்டிப் பாருங்கள். உங்கள் புதுப் போனில் எல்லாமே ஓடும்.