சிக்கனமாக ஒரு கடல்

"சும்மா ரெண்டடித் தொட்டிதானே" என்று கடல்மீனும் பவளமும் வளர்க்க வீட்டில் அனுமதி வாங்கிவிடலாம். சென்னை கொளத்தூர் மீன் கடைகளில் பேரம்கூடப் பேசலாம். செலவு அதற்குப் பிறகுதான் வரும். மெரினாவில் சும்மா அலையடிக்கும் ஊரில் கடலுப்பை டப்பாவில் வாங்கி, ஆர்ஓ தண்ணீரில் லிட்டருக்கு 35 கிராம் கரைக்க வேண்டும். வீட்டார் குடிப்பது கேன் தண்ணீர்தான்.

பிறகு சில வாரம் வெறும் கல்லைப் பார்த்துக்கொண்டிருப்பது. அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா குடியேறும் காலம் அது. "மீன் எங்கேப்பா?" என்று கேட்கும் விருந்தாளியிடம் "பாக்டீரியா வளர்க்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள், காபியை வைத்துவிட்டுக் கிளம்புவார்.

மே மாதத்தில் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டும். பவளத்துக்கு 26 போதும். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லரின் விலை கேட்டவர்கள் தொட்டியை ஏசி அறைக்கு மாற்றிவிட்டு ஹாலில் படுக்கிறார்கள். சிக்கனம் பார்த்து, ராமேஸ்வரத்துச் சொந்தக்காரரிடம் 'ரெண்டு பவளம்' மட்டும் கேட்டுவிடாதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கல்பவளம் புலியோடு இருக்கிறது. கோமாளி மீன் பரவாயில்லை, பண்ணையில் பொரித்ததே கிடைக்கும். கொண்டுவந்து விட்டால், பார்த்துப் பார்த்து அடுக்கிய பாறையைச் சட்டை செய்யாமல் மோட்டார் மூலையில் குடித்தனம் வைத்துவிடும்.